கையா, துப்பாக்கியா, கரியா?

2021 ஜூலை 25. டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்று. மனு பாகர் நன்றாகத்தான் சுட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று துப்பாக்கியின் மின்னணு விசை மக்கர் செய்தது. அதைச் சரிபார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் கால் மணி நேரத்துக்கும் மேல் கரைந்துவிட்டது. கடிகாரம் யாருக்காகவும் நிற்கவில்லை. மிச்சமிருந்த குண்டுகளை அவசர அவசரமாகச் சுட்டு முடித்தார். 575 புள்ளிகள், 12-வது இடம். இறுதிச் சுற்றுக்குள் கடைசியாக நுழைந்தவரின் புள்ளி 577.

டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்த பலர், 'பொண்ணு பதறிட்டா' என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னார்கள். மூன்று வருடம் கழித்து பாரிஸில் அதே மனு பாகர் இரண்டு வெண்கலப் பதக்கங்களோடு வந்து நின்றார். கை அதே கைதான்!

ஏர் பிஸ்டலில் வெடிமருந்து கிடையாது. காற்றழுத்தம்தான் குண்டைத் தள்ளுகிறது. கரி, புகை என்ற தொல்லையே இல்லை. அதிலேயே இந்தப் பாடு என்றால், மருந்து எரிகிற 'பாயின்ட் டூ டூ' பிஸ்டலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமானது. அந்த .22 ரைஃபிளின் தோட்டா வகைதான் 25 மீட்டர் போட்டிப் பிஸ்டலிலும் போடப்படுகிறது.

ஓர் உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்வோம். காஞ்சிபுரத்தில் தறி போட்ட வீடு. அந்த வீட்டுப் பெண் என்.சி.சி.யில் துப்பாக்கியைத் தொட்டு, ஆசை பிடித்து, இப்போது சென்னைக்குப் போய் கிளப்பில் 25 மீட்டர் பிஸ்டல் பழகுகிறாள். மாநிலப் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கிறது. முதல் நாற்பது ஐம்பது குண்டு தேன் மாதிரி போகிறது. அப்புறம் சிக்கல் ஆரம்பிக்கிறது. ஒரு தோட்டா முழுதாக உள்ளே போகாமல் நிற்கிறது. ஒரு காலிக் கூடு வெளியே வராமல் மாட்டிக்கொள்கிறது. இன்னொன்று 'டிக்' என்கிறதே தவிர வெடிப்பதில்லை. சிக்கல் தொடங்கியதும் அவளுக்கே கை நடுங்குகிறது. "புதுசு ஒண்ணு வாங்கிடலாமாம்மா?" என்று கேட்கிறார் அப்பா. போட்டிப் பிஸ்டலின் விலை லட்சங்களில் போகிறது. எத்தனை பட்டுப் புடவைக்கான கூலி அது என்று அவருக்குத் தெரியும்.

கடன் வாங்குவதற்கு முன்னால் அந்தத் துப்பாக்கிக்குள் எட்டிப் பார்ப்பது நல்லது.

சின்னத் தோட்டா, பெரிய அழுக்கு

பேரலின் பின்முனையில் தோட்டா போய் உட்காருகிற இடத்துக்கு 'சேம்பர்' என்று பெயர். தோட்டாவுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி அது. போட்டிப் பிஸ்டல்களில் துல்லியத்துக்காக இந்தச் சட்டையைக் கொஞ்சம் இறுக்கமாகவே தைத்திருப்பார்கள். அதனால் சாதாரணத் துப்பாக்கி பொறுத்துக்கொள்கிற அழுக்கை இது பொறுத்துக்கொள்ளாது.

.22 தோட்டாவின் குண்டு ஈயம். எடை சுமார் இரண்டரை கிராம். அதன் மேல் வழுக்கலுக்காக மெழுகு அல்லது கிரீஸ் பூசியிருக்கும். சுடும்போது மருந்தின் கரி, எரியாத துகள், உருகிய மெழுகு, ஈயத் தூள் நான்கும் சேர்ந்து ஒரு பசையாகின்றன. இந்த வகைத் துப்பாக்கியில் வெடித்த வாயுவே காலிக் கூட்டையும் அதன் பின்னால் இருக்கும் போல்ட்டையும் பின்னுக்குத் தள்ளுகிறது. அந்த வேகத்தில் பசையின் ஒரு பங்கு எந்திரத்துக்குள்ளும் வந்து படிகிறது. கூட்டின் வாய் முடிகிற இடத்தில், சேம்பரின் உள்ளே, மோதிரம் மாதிரி ஒரு கரி வளையம் உருவாகும். அடுத்த தோட்டா அந்த வளையத்தில் இடித்துக்கொண்டு, மயிரிழை அளவு வெளியே நிற்கும்.

'டிக்' சத்தத்துக்குப் பெரும்பாலும் இதுவும் ஒரு காரணம். .22 தோட்டாவில் தீப்பற்றும் ரசாயனம் அடிப்பக்கத்தின் விளிம்புக்குள் இருக்கிறது. அடிக்கும் ஊசி அந்த விளிம்பைச் சேம்பரின் ஓரத்தோடு சேர்த்து நசுக்கினால்தான் தீப்பொறி. தோட்டா முழுதாக உட்காரவில்லை என்றால் ஊசியின் அடி தோட்டாவை உள்ளே தள்ளுவதிலேயே வீணாகிவிடும். அதே தோட்டா இரண்டாவது அடியில் வெடித்தால், குற்றவாளி பெரும்பாலும் சேம்பர் அழுக்குதான்.

அழுக்கா, முரடா?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அழுக்கு என்றால் வீட்டுக் கணக்கில் முடிந்துவிடும். சேம்பரின் உலோகமே முரடாகிவிட்டது என்றால் வைத்தியரிடம்தான் போக வேண்டும். கண்டுபிடிக்க நான்கு சோதனைகள் உண்டு.

முதலாவது, சிக்கல் எப்போது வருகிறது? சுத்தம் செய்த துப்பாக்கி ஐம்பது குண்டு வரை ஒழுங்காக ஓடி, பிறகு தடுமாறினால் அழுக்கு. சுத்தம் செய்த கையோடு முதல் குண்டிலிருந்தே தடுமாறினால் முரடு, அல்லது ஏதோ ஒரு பாகத்தில் பழுது.

இரண்டாவது, மேகசின். ஒவ்வொரு மேகசினிலும் 1, 2, 3 என்று எண் எழுதிவைக்க வேண்டும். எந்த எண்ணில் சிக்கல் வருகிறது என்று நோட்டில் குறித்துக்கொண்டே வந்தால், ஒரே ஒரு மேகசினின் உதடு வளைந்திருப்பது தெரிந்துவிடும். பாவம், பிஸ்டல் மேல் பழி!

மூன்றாவது, தோட்டாவின் ரகம். ஒவ்வொரு தயாரிப்பிலும் மெழுகு வேறு, மருந்து வேறு. ரகத்தை மாற்றிப் பார்த்தால் சிக்கல் நீங்குகிறதா என்று கவனிக்கலாம். மே மாத வெயிலில் காருக்குள் வைத்த தோட்டாப் பெட்டியில் மெழுகு இளகி, தூசி ஒட்டிக்கொள்ளும் என்பதையும் மறக்கக் கூடாது.

நான்காவதுதான் முக்கியம். காலிக் கூடுகள். பத்துக் கூடுகளைப் பொறுக்கி, ஊசி குத்திய தடம் மேலே இருக்கிற மாதிரி வரிசையாக வைத்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் நீளவாக்கில் ஒரு கீறல் இருந்தால், சேம்பரில் அதே இடத்தில் ஒரு பிசிறு நிற்கிறது என்று அர்த்தம். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நகத்தால் வருடினால் தட்டுப்படும். இந்த விஷயத்தில் நெசவாளிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். இழை ஒரே இடத்தில் அறுந்துகொண்டே இருந்தால் அவர் பட்டைத் திட்ட மாட்டார். நாடாவை எடுத்து விரலால் தடவி, பிசிறு எங்கே என்று தேடுவார். நம் உதாரண வீட்டில் அப்பாவின் விரல்தான் அந்தக் கூட்டைத் தடவிப் பார்க்கத் தகுந்த கருவி.

பிசிறு எங்கிருந்து வந்தது?

பெரும்பாலும் பயிற்சியிலிருந்தேதான். குண்டில்லாமல் விசையை மட்டும் இழுத்துப் பழகுவது துப்பாக்கி சுடுதலில் அன்றாடப் பயிற்சி. அப்போது ஊசிக்கும் சேம்பர் ஓரத்துக்கும் நடுவே தோட்டாவின் விளிம்பு இல்லை. ஊசி நீளம் கூடுதலாக உள்ள துப்பாக்கியில் அது நேராக உலோகத்தின் மேலேயே மோதும். ஆயிரக்கணக்கான அடிகளில் அந்த ஓரம் நசுங்கி, ஒரு துளி உலோகம் சேம்பருக்குள் நீட்டிக்கொள்ளும். பல போட்டிப் பிஸ்டல்களில் இந்தப் பயிற்சிக்கென்றே தனி ஏற்பாடு உண்டு. இல்லாதவற்றில் பிளாஸ்டிக் போலித் தோட்டா போட்டுப் பழக வேண்டும். உங்கள் துப்பாக்கி எந்த ரகம் என்பது அதன் கையேட்டில் இருக்கும்.

இரண்டாவது காரணம் துரு. ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் ஸ்பாஞ்சு வைத்த பெட்டி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். வியர்த்த கையோடு தொட்ட பிஸ்டலை அப்படியே பெட்டிக்குள் பூட்டினால், சில வாரங்களில் புள்ளி புள்ளியாகத் துரு அரிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டுவைத்து, அவ்வப்போது மாற்றினால் போதும்.

மூன்றாவது காரணம், சொந்த வைத்தியம். எமரி தாள், டிரில் மெஷின், ஸ்டீல் பிரஷ் எதுவும் சேம்பர் பக்கம் வரவே கூடாது. ஒரு தடவை அதிகமாகத் தேய்த்துவிட்டால் திரும்ப ஒட்டவைக்க முடியாது. சேம்பர் அகன்றால் கூடு உப்பும், துல்லியம் போகும், ஆபத்தும் கூடும். பிசிறை நீக்கத் துப்பாக்கி மெக்கானிக்குகளிடம் தனிக் கருவி உண்டு. அது உலோகத்தைச் சுரண்டாமல், நசுங்கியதை அழுத்திப் பழைய இடத்துக்கே தள்ளிவிடும். இன்னொரு விஷயம்: 1959-ம் வருட ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் உரிமம் வேண்டும். தெரிந்தவர்தானே என்று லேத் பட்டறைக்குக் கொண்டுபோனால், கொடுத்தவர், வாங்கியவர் இருவருக்குமே வம்பு.

சுத்தம் செய்வது எப்படி?

மேகசினைக் கழற்றுங்கள். சேம்பர் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். தோட்டாப் பெட்டி அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. கையேட்டில் சொன்ன அளவுக்கு மட்டும் பிரியுங்கள். முடிந்தவரை பின்பக்கத்திலிருந்து சுத்தம் செய்வது நல்லது. முன்பக்கத்திலிருந்து கம்பியை விட்டால், குண்டு வெளியேறும் வாய் தேய்ந்து குறி தப்பும்.

சேம்பருக்கு .22 அளவு வெண்கல பிரஷ்ஷில் சுத்திகரிப்புத் திரவம் தொட்டு, சில சுற்றுகள் கொடுங்கள். ஐந்து பத்து நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு ஃபிளானல் துணியால், துணி வெள்ளையாக வரும் வரை துடையுங்கள். காலிக் கூட்டை இழுக்கும் சின்னக் கொக்கியின் அடியில் பல்குச்சி நுனியால் சுரண்டினால், ஒரு சிட்டிகை கரி உதிரும். 'கூடு வரவில்லை' என்ற புகாரில் பல இந்தச் சிட்டிகையோடு முடிந்துவிடும். ஊசி முனையையும் போல்ட் முகத்தையும் துடையுங்கள். எண்ணெய் ஒரு துளி போதும். சேம்பர் உலர்ந்துதான் இருக்க வேண்டும். எண்ணெய் வழியவிட்டால் அடுத்த கரியை அதுவே கூப்பிட்டு உட்காரவைக்கும்.

சேம்பரை அடிக்கடி துடைக்கலாம். பேரலைத் தினமும் தேய்க்கத் தேவையில்லை. சுத்தம் செய்த பேரலில் முதல் சில குண்டுகள் கொஞ்சம் தள்ளி விழுவது வழக்கம். அதனால் போட்டிக்கு முந்தின ராத்திரி மொத்தமாகக் கழுவி வைக்காமல், இரண்டு மூன்று நாள் முன்னால் முடித்து, பயிற்சியில் சில குண்டுகள் சுட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் கரியில் ஈயம் இருக்கிறது. சாப்பாட்டு மேஜையிலோ சமையலறையிலோ இந்த வேலை கூடாது. ஜன்னல் திறந்திருக்கட்டும், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். முடித்ததும் துணியை உறையில் கட்டிப் போட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சுட்டுவிட்டு வந்த சட்டையோடு குழந்தையைத் தூக்குவதும் தவறு. குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு ஈயம் விஷம்.

களத்தில் மாட்டினால்?

பெண்களின் 25 மீட்டர் பிஸ்டலில் மொத்தம் 60 குண்டு. பின்பாதி 30 குண்டுகளில், இலக்கு 3 விநாடி தெரியும், 7 விநாடி மறையும். அந்த 3 விநாடிக்குள் ஒரு குண்டு. ஆண்களின் ரேபிட் ஃபயரில் 4 விநாடிக்குள் ஐந்து இலக்குகளில் ஐந்து குண்டு. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விஜய்குமார் வெள்ளி வென்றது அந்தப் போட்டியில்தான். இந்த வேகத்தில் ஒரு கூடு மாட்டினால் எடுத்துப்போட்டுத் தொடர வழியே இல்லை.

மாட்டினால் துப்பாக்கி இலக்குப் பக்கமே பார்க்க, மறு கையை உயர்த்தி அதிகாரியைக் கூப்பிட வேண்டும். பதற்றத்தில் தானே போல்ட்டை இழுத்துவிட்டால் முறையீடு செல்லாது. சர்வதேச விதியில் இன்னொரு வரியும் இருக்கிறது. போட்டியாளர் நியாயமாகச் சரிசெய்திருக்கக் கூடிய காரணத்தால் வந்த கோளாறு என்றால், சுடாத குண்டுகள் பூஜ்யம்தான். 'அழுக்கு சார்' என்று சொல்லித் தப்ப முடியாது.

'டிக்' என்று மட்டும் கேட்டால், துப்பாக்கியை இலக்கை நோக்கிப் பிடித்தபடி அரை நிமிடமாவது காத்திருக்க வேண்டும். தாமதமாக வெடிக்கலாம். வழக்கத்தைவிட மந்தமாக 'புஸ்' என்று கேட்டால் அடுத்த குண்டைச் சுடவே கூடாது. முந்தின குண்டு பேரலுக்குள்ளேயே நின்றிருக்கலாம்.

நம் உதாரண வீட்டுக்கு வருவோம். ஐம்பது குண்டுக்குப் பிறகுதான் சிக்கல். கூடுகளில் கீறல் இல்லை. மேகசின் எல்லாவற்றிலும் ஒரே கதை. கணக்குப் பார்த்தால் அது கரி. வைத்தியம் ஒரு வெண்கல பிரஷ், ஒரு முழம் ஃபிளானல் துணி, ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. தன் கை நடுங்கியது கூடு மாட்டிய பிறகுதான், அதற்கு முன்னால் இல்லை என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவரும். போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும் பிள்ளைக்கு அந்த நம்பிக்கை சாதாரண விஷயமா என்ன!