விளையாத காணிக்கு விலை ஏது?

"காணியில் போட்ட காசு கரையாது" என்பது இன்று யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர் வீடுகளில் வேதவாக்காகிவிட்டது. வைத்தியர், பொறியியலாளர், வங்கி முகாமையாளர், கடல்கடந்து உழைக்கும் பிள்ளையின் தந்தை ஆகிய யாவரும் கோண்டாவிலிலும் உரும்பிராயிலும் செம்மண் தோட்டக்காணி தேடி அலைகின்றனர். பயிரிடவோ? அன்று. குடியிருக்கவோ? அதுவுமன்று. வாங்கி, மதில் எழுப்பி, படலைக்குப் பூட்டிட்டு, விலையேற்றத்தை நோக்கிக் காத்திருக்கவே! இதனை அவர்கள் முதலீடு என்கின்றனர். நாம் சூது என்கிறோம்.

ஒரு பரப்புத் தோட்டத்தின் விலை 20 இலட்சம் ரூபா என்றும், குத்தகைக்கு விட்டால் ஆண்டொன்றுக்கு 20,000 ரூபா கிடைக்கும் என்றும் வைத்துக்கொள்வோம். முதலுக்கு வருவது நூற்றுக்கு 1. குத்தகையால் விலையை மீட்க 100 ஆண்டு வேண்டும்! வெங்காயமும் வாழையும் வைத்துச் சீவிக்கும் கமக்காரன் இவ்விலையை எங்ஙனம் கொடுப்பான்? மண்ணின் விளைவு அவ்விலையைத் தாங்காது. அதனைத் தாங்கி நிற்பது ஒன்றே: நாளை இதனினும் கூடிய விலை கொடுக்க வேறொருவன் வருவான் என்னும் நம்பிக்கை. அவன் வராவிடின்?

நம் முன்னோர் காணியை இவ்வாறு மதித்தாரல்லர். 1707 ஆம் ஆண்டு ஒல்லாந்தர் ஆட்சியில் எழுத்தில் தொகுக்கப்பெற்ற தேசவழமையில் ஒற்றி என்னும் முறை உண்டு. கடன் கொடுத்தவன் வட்டி கேட்பதில்லை. வட்டிக்கு ஈடாகக் காணியின் பயனை அனுபவிப்பான். ஆகவே, காணி என்ன தரும் என்றறியாமல் ஒருவனும் மடிச்சீலையை அவிழ்க்கமாட்டான். எழுத்தறியாத பாட்டன் அறிந்திருந்த கணக்கைப் பட்டம்பெற்ற பேரன் மறந்தான்.

"விலை ஏறியிருக்கிறதே, இது இலாபமன்றோ?" என்பர். 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்க டொலர் ஒன்று ஏறக்குறைய 200 ரூபா. அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. காணி வளரவில்லை, ஐயா, ரூபா தேய்ந்தது! பணம் தேயுங்காலத்தில் காணி ஒரு காப்பு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், அதே ஆண்டு ஏப்ரலில் மத்திய வங்கி தன் வட்டிவீதங்களை ஒரே நாளில் 7 புள்ளிகள் உயர்த்தியபோது, கடன்பட்டு வாங்கியோர் நிலை யாது? வாடகையோ விளைவோ தரும் காணி தவணைக்குத் தோள்கொடுத்திருக்கும். பூட்டிய படலை ஒரு சதமும் தராது.

நட்டம் வாங்கியவனோடு போமாயின் நாம் எழுதவேண்டியதில்லை. ஆறில்லாத குடாநாட்டில் சுண்ணக்கல்லினுள்ளே தேங்கும் மழைநீரே கிணற்று நீர். அதன்மேற் படிந்த செம்மண்ணே தோட்டக்காரரின் முதல். அதனைத் துண்டுபோட்டுப் பற்றை வளர்க்கிறோம். 1990 இல் பறிபோன வலிகாமம் வடக்குக் காணிகளில் எஞ்சியவற்றையும் இராணுவம் விடவேண்டும் என்று மேடையேறி முழங்குகிறோம். முழங்கவே வேண்டும், அது நமது உரிமை. அம்மேடையில் வீற்றிருக்கும் கனவான்களே, நீங்கள் பூட்டிவைத்த காணியில் நிலமற்ற ஒரு கமக்காரனையேனும் இறக்கினீர்களா?

குத்தகைக்காரன் பின்னர் எழும்பமாட்டான் என்று அஞ்சுகிறீர்களாம். 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டமும் அதன்பின் வந்த கமநலச் சட்டங்களும் அந்தப் பாதுகாப்பை வயலுக்கே அளித்தன, தோட்டத்துக்கன்று. நொத்தாரிசு முன்னிலையில் தவணை குறித்து எழுதுங்கள். வரும் மாரிக்கு முன் படலையைத் திறவுங்கள்.