சுருட்டுக்குச் சாட்சி சொன்னவர்கள்

கட்டுரைக் கொப்பி திருத்துவது ஆசிரியத் தொழிலில் தப்ப முடியாத கடமை. யாழ்ப்பாணத்திலே நாற்பது கொப்பிகள் மேசைக்கு வந்தால் முப்பத்தைந்திலே பனைமரம் நிற்கும். சென்ற தவணையில் "எங்கள் ஊர் தந்த பொருள்" என்று நாம் தலைப்புக் கொடுத்தபோதும் அவ்வாறே நேர்ந்தது. பனங்கட்டியும் பனாட்டும் ஒடியலும் எம்மைச் சூழ்ந்துகொண்டன. அவற்றின் நடுவே ஒரேயொரு கொப்பியிலிருந்து மட்டும் புகை எழுந்தது. பத்தாந் தரத்து மாணவன் ஒருவன் யாழ்ப்பாணச் சுருட்டைப் பற்றி எழுதியிருந்தான்.

ஏனோதானோ என்று எழுதிய கட்டுரையன்று அது. சுருட்டுச் சுற்றிப் பிழைத்த தன் அப்பப்பா சொல்லக் கேட்டு எழுதியது. செம்மண் தோட்டத்து இலைக்கும் மணல் தோட்டத்து இலைக்கும் உள்ள வேற்றுமை, கோடா ஊறிய சுருட்டு முதலில் நாவில் இனித்துப் பின்னர் தொண்டையில் சூடேற்றும் விதம், நல்ல சுருட்டின் சாம்பல் உதிராமல் நிற்கும் அழகு என்று நுணுக்கமாக வர்ணித்திருந்தான். எழுத்துப் பிழை ஒன்றுதானும் இல்லை. ஆயின் இறுதி வாக்கியம் எம்மைத் தடுத்து நிறுத்தியது. "ஆகவே யாழ்ப்பாணச் சுருட்டு உடலுக்கும் உள்ளத்துக்கும் உகந்தது என்று புகைத்தவர் யாவரும் கூறுகின்றனர்" என்று முடித்திருந்தான்.

சிவப்பு மைப் பேனா அந்தரத்தில் நின்றது. வெட்டினால் அப்பப்பாவைப் பொய்யர் என்று பேரனுக்குச் சொன்னவர்கள் ஆவோம். சரி போட்டால் புகையிலைக்குக் கையொப்பம் இட்டவர்கள் ஆவோம். ஆசிரியர் அறையில் ஆலோசனை கேட்டோம். ஒருவர் பூச்சியம் போடச் சொன்னார். மற்றொருவர் முழுப் புள்ளியும் கொடுத்து, அந்தச் சுருட்டு எங்கே கிடைக்கும் என்றும் விசாரித்து வரச் சொன்னார்.

ஒரு பொருளின் குணத்தை அறிய வேண்டுமாயின் அதனைப் பயன்படுத்தியவரைக் கேட்க வேண்டும் என்பது உலக வழக்கு. மாம்பழத்துக்கு அது பொருந்தும், மண்வெட்டிக்கும் பொருந்தும். சுருட்டுக்குப் பொருந்துமா? இதனைத் தீர்க்காமல் புள்ளி இடுவதற்கில்லை என்று எமக்குத் தோன்றியது. ஒரு சனிக்கிழமை மாலை சைக்கிளை எடுத்துக்கொண்டு வலிகாமத்துச் செம்மண் ஊரொன்றுக்குப் போனோம்.

முற்றத்து வேம்பின் கீழே சாய்மனைக் கதிரையில் பெரியவர் இருந்தார். எம்மைக் கண்டதும் எழ முயன்றார்.

"வாருங்கோ மாஸ்டர், இருங்கோ. பேரன் ஏதும் குழப்படியோ?"

"இல்லை ஐயா. நன்றாய் எழுதியிருக்கிறான். அதுதான் சிக்கல்" என்று சொல்லிக் கட்டுரையைப் படித்துக் காட்டினோம். கண்ணை மூடிக் கேட்டிருந்தவர் இடையிலே கையை உயர்த்தினார்.

"பொடியன் ஒண்டை விட்டிட்டான். கிணத்துத் தண்ணி. உவர்த் தண்ணி இறைச்ச புகையிலை நிண்டு எரியாது. பத்த வைக்க வைக்க அணையும்."

விஞ்ஞானமும் இதையே கூறுகிறது. உவர்நீரில் உள்ள குளோரைட்டு இலையில் மிகுந்தால் இலை ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளும், நெருப்பு ஓடாது. ஆய்வுகூடம் கண்டதை இம்முதியவர் உதட்டினால் கண்டிருக்கிறார்.

அதன்பின் எமக்கு ஒரு பாடமே நடந்தது. மழைக்காலம் ஓய்ந்ததும் நாற்று நடுவது. கிணற்றிலே துலா மிதித்து இறைப்பது. பூக்குமுன் நுனியை முறித்துப் பக்கத் துளிர்களைக் கிள்ளிச் செடியின் பலம் முழுவதையும் இலைக்குள் செலுத்துவது. வெட்டிய இலையை வாடவிட்டுக் கட்டித் தூக்குவது. குடிலிலே பொச்சுமட்டையும் பனை ஊமலும் எரித்துப் புகையூட்டுவது. பின்னர் அடுக்கிப் பாரமேற்றிப் புழுங்க விடுவதற்குப் பாடம் போடுதல் என்று பெயர். இலைக்கும் மாணவனுக்கும் நம் முன்னோர் ஒரே சொல்லை வைத்தது பொருத்தமே. இரண்டும் அவசரப்பட்டால் கெட்டுவிடும்.

கோடா என்பது சுருட்டுக்குச் சுவையூட்டும் சாறு. அதன் பக்குவம் முதலாளிக்கு முதலாளி வேறுபடும்; எவரும் வெளியே சொல்லார். சுற்றும் கையும் இலையைப் போலவே முக்கியம். இறுக்கிச் சுற்றினால் புகை வராது. தளரச் சுற்றினால் சீக்கிரம் எரிந்து வாயைச் சுடும். "சுருட்டைக் கையிலை எடுத்து உருட்டினாலே, ஆர் சுத்தினது எண்டு சொல்லுவன்" என்றார் பெரியவர்.

இத்தகைய கைகளின் புகழ் சிறிதன்று. ஆங்கிலத்திலே இன்று வழங்கும் "செரூட்" என்ற சொல் நமது "சுருட்டு" கடல் கடந்து பெற்ற உருவமே. சிங்களமும் இச்சொல்லைச் "சுருட்டு" என்றே எடுத்துக்கொண்டது. 1887 இல் வெளிவந்த முதலாவது ஷெர்லக் ஹோம்ஸ் நவீனத்திலே, தரையில் கிடந்த சாம்பலைக் கொண்டு கொலையாளி புகைத்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று துப்பறிவாளர் கண்டுகொள்கிறார். திருச்சிச் சுருட்டு இலண்டன்வரை போயிற்று. நமது புகையிலையோ ஒல்லாந்தர் காலத்திலேயே திருவிதாங்கூருக்குத் தோணியேறியது. அங்கே அது வெற்றிலையோடு வாய்க்குள் போயிற்று. பிற்காலத்தில் யாழ்ப்பாணத்தார் தென்னிலங்கைப் பட்டினங்கள்தோறும் சுருட்டுக்கடை திறந்தனர். 1983 ஆம் ஆண்டுக் கலவரத்தில் அங்கே தமிழர் கடைகள் எரிந்தன. அதன்பின் வந்த போர் பாதைகளையும் அடைத்தது. தம்முடைய கொட்டில் அந்த நாட்களிலேயே மூடப்பட்டதென்று பெரியவர் சொன்னார்.

சுருட்டுக்குச் சாட்சி சொன்னவர்களுள் புலவரும் உண்டு. சீனிச்சர்க்கரைப் புலவர் பழனி முருகனிடம் புகையிலையையே தூதாக அனுப்பிப் பாடினார். புகையிலை விடு தூது என்ற அந்நூலை உ. வே. சாமிநாதையர் பதிப்பித்தார். அதிலே ஒரு வேடிக்கைக் கதை வருகிறது. மும்மூர்த்திகளும் தத்தம் பத்திரங்களைச் சபையிலே காட்ட வேண்டியதாயிற்று. சிவனது வில்வம் கங்கையோடும் திருமாலின் துளசி பாற்கடலோடும் போய்விட்டன. பிரமன் தன் இலையைக் கலைமகள் நாவிலே வைத்திருந்தமையால் அது போகவில்லை. ஆகவே அது "போகையிலை". அதுவே புகையிலை ஆயிற்றாம். அமெரிக்காவிலிருந்து பறங்கியர் வழியாக வந்த இலைக்கு இதைவிடச் சிறந்த பிறப்புச் சான்றிதழ் எவரும் எழுதியிருக்க முடியாது.

பெரியவரின் முகம் மிக மலர்ந்தது கொட்டிலைப் பற்றிப் பேசியபோதுதான். வரிசையாகச் சம்மணமிட்டு எல்லோரும் சுருட்டுச் சுற்ற, ஒருவர் மட்டும் பத்திரிகையை உரத்து வாசிப்பாராம். தலையங்கம், உலகச் செய்தி, தொடர்கதை எதுவும் தப்பாது. வாசிப்பவருக்குக் கூலி குறையாதபடி மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் சுற்றி அவர் கணக்கிலே சேர்ப்பார்களாம்.

"நான் அஞ்சாம் வகுப்போடை நிண்டவன், மாஸ்டர். எனக்குக் காந்தியையும் தெரியும், லெனினையும் தெரியும். எல்லாம் கொட்டில் தந்ததுதான்" என்றார்.

இவ்வழக்கு யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதன்று. கியூபாவின் ஹவானா நகரச் சுருட்டுச்சாலைகளில் 1865 அளவிலேயே வாசிப்பவரை அமர்த்தத் தொடங்கினர். அவருக்குத் தொழிலாளரே ஊதியம் கொடுத்தனர். அலெக்சாந்தர் தூமாவின் மொன்ரி கிறிஸ்ரோ கதையை அவர்கள் எவ்வளவு விரும்பிக் கேட்டனரெனின், பின்னாளில் ஒரு சுருட்டுக்கே அப்பெயர் வந்தது. ஒருவரையொருவர் அறியாத இரு தீவுகளில், கைக்கு வேலையும் காதுக்கு ஓய்வும் தந்த ஒரே தொழில் ஒரே வழியைக் கண்டிருக்கிறது.

இவ்வளவும் கேட்டபின் முழுப் புள்ளியே கொடுத்துவிடலாம் போலிருந்தது. எழும்புமுன் ஒரு கேள்வி கேட்டோம்.

"ஐயா, முதன்முதல் சுருட்டுக் குடித்த நாள் ஞாபகம் இருக்கிறதா?"

பெரியவர் சிரித்தார். "ஏன் இல்லை? பதின்மூண்டு வயது. மாமா குடிச்சுப்போட்டு வைச்ச குறைச்சுருட்டு. தலை சுத்தி, கண் இருண்டு, வேலிக்கரையிலை சத்தியெடுத்துப்போட்டு விழுந்து கிடந்தன். ரெண்டாம் நாளும் அப்படித்தான். பிறகு பழகீட்டுது."

நேயர்களே, நாம் தேடிப்போன விடை இங்கேதான் இருந்தது. அறுபது ஆண்டுகளாகச் சுருட்டைப் புகழும் அதே நாவு, முதல்நாள் அதனை வெளியே துப்பியது. உடம்பு தன் அபிப்பிராயத்தை அன்றே ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிட்டது. அதன்பின் வந்த சாட்சியம் யாவும் கைக்கூலி வாங்கிய சாட்சியம்.

கைக்கூலியின் பெயர் நிக்கொற்றின். 1828 இல் ஜேர்மனியின் ஹைடல்பேர்க் நகரத்தில் இருவர் புகையிலையிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தனர். செடி இந்நஞ்சைத் தன்னகத்தே ஆக்குவது தன்னைத் தின்னவரும் பூச்சிகளைக் கொல்வதற்கு. நனைந்த பச்சையிலையைக் கையாளும் தோட்டக்காரனுக்கும் அது தோலினூடே ஏறித் தலைசுற்றலும் வாந்தியும் உண்டாக்கும். பழகிய மூளையோ அதனையே கேட்கத் தொடங்கும். கிடைக்காத வேளையில் எரிச்சலும் நடுக்கமும் தரும். கிடைத்ததும் அவை அடங்கும். இந்த அடக்கத்தையே புகைப்பவர் "மனத்துக்கு அமைதி" என்கிறார். தானே கட்டிய முடிச்சை ஒருவன் அவிழ்த்துவிட்டு நன்றி கேட்பது போன்றது இது.

"நாங்கள் புகையை உள்ளே இழுக்கிறதில்லை; வாயோடு சரி" என்பது சுருட்டுப் பிரியரின் வழக்கமான வாதம். தமிழிலே காரம் என்பது உறைப்பையும் குறிக்கும்; அமிலத்துக்கு எதிரான பொருளையும் குறிக்கும். சுருட்டுப் புகை இரு பொருளிலும் காரமானது. அவ்வாறு காரத்தன்மை மிகுந்திருப்பதனால் நெஞ்சுக்குள் இழுக்காமலே நிக்கொற்றின் வாயின் மென்தோல் வழியாக இரத்தத்தில் கலந்துவிடும். அதனோடு நஞ்சுகளும் வாயிலேயே தங்கும். வாய், தொண்டை, உணவுக்குழாய் ஆகியவற்றில் புற்றுநோய் வருவதற்கு அது போதும். வெற்றிலையோடு மெல்லும் புகையிலைக்கும் இதுவே விதி.

சாட்சியை மாற்றிச் சொல்லும் நேர்மையும் உலகில் உண்டு. சிகரெட்டுக்கும் நுரையீரற் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950 இல் இங்கிலாந்திலே வெளியிட்ட இருவருள் ஒருவரான ரிச்சர்ட் டோல் தாமும் புகைத்தவர். ஆராய்ச்சியின் கணக்குகள் கூடிவரக் கண்டதும் புகைப்பதை விட்டுவிட்டார். தம் நாவை நம்பாமல் கணக்கை நம்பினார். நமது நாட்டிலே 2006 ஆம் ஆண்டின் சட்டம் இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலை விற்பதைத் தடுக்கிறது. பழகுமுன் உடம்பு சொல்லும் முதற்சாட்சியைக் காக்கும் சட்டம் என்றே நாம் அதனைக் கருதுகிறோம்.

இவையெல்லாவற்றையும் பெரியவரிடம் பிரசங்கமாகச் சொல்ல எமக்கு மனம் வரவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

"எங்கடை கொட்டிலிலை பத்திரிகை வாசிச்சவர், பாவம், வாயிலைதான் நோய் வந்தது" என்றார் அவர் மெதுவாக. "தெல்லிப்பழைக்குக் கொண்டுபோய்க் காட்டினது. கடைசியிலை ஒரு சொல்லும் பேச ஏலாமல் போச்சு. நான் அவரைப் பாக்கப் போனால் பேப்பரை எடுத்து என்னட்டை நீட்டுவார். நான் எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசிப்பன்."

சற்று நேரம் எவரும் பேசவில்லை. பின்னர் பெரியவரே தீர்ப்புக் கூறினார்.

"மாஸ்டர், பொடியன் எழுதினதை வெட்டாதேங்கோ. அது எங்கடை தொழில். கடைசி வரியை மட்டும் மாத்தச் சொல்லுங்கோ. அப்பப்பா முதல்நாள் சத்தியெடுத்தவர் எண்டதையும் எழுதட்டும்."

விடைபெற்றுப் படலையைத் தாண்டினோம். சைக்கிளிலே ஏறுமுன் பின்னால் தீப்பெட்டி உரசும் ஓசை கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. எம்முன் அவ்வளவு நேரம் பொறுத்திருந்தாரே என்று எண்ணிக்கொண்டோம். நிக்கொற்றினின் கைக்கூலி எத்தகையது என்பதற்கு அந்த ஓசையைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

வர்ணனையைச் செம்மையாகச் செய்தல் ஒன்று. நன்று தீது தீர்ப்பது வேறொன்று. நமது மூத்தோர் மண்ணையும் நீரையும் கையையும் பற்றிச் சொன்னது மெய்யறிவு. அதனை எழுதி வைக்காவிட்டால் சில ஆண்டுகளில் கேட்பதற்கும் ஆளிராது. கொட்டிலில் ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்ட வழக்கம் இன்றும் வீடுகளிலே கைக்கொள்ளத் தக்கது. அதற்குப் புகை வேண்டியதில்லை. ஆனால் "உடலுக்கு உகந்தது" என்ற தீர்ப்பை மட்டும் பழகிய நாவிடம் கேட்கலாகாது.

மாணவன் கொப்பியைத் திருத்திக் கொண்டுவந்தான். இறுதி வாக்கியத்தை நீக்கிவிட்டு வேறு எழுதியிருந்தான்: "என் அப்பப்பா சுருட்டைப் பற்றிச் சொன்னவற்றுள் மிக உண்மையானது, முதல்நாள் அவர் வேலிக்கரையில் சொன்னது."

இருபதுக்குப் பதினெட்டுப் போட்டோம். மீதி இரண்டையும் ஏன் குறைத்தீர்கள் என்று அவன் கேட்டான். அவற்றை அப்பப்பாவுக்காக வைத்திருக்கிறோம் என்றோம். அவர் என்றைக்கு விடுகிறாரோ, அன்றைக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம்.