சொல்லின்றிப் பேசும் இசை

பெங்களூருப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் கிதாரை முதன்மையாகக் கொண்ட இசைக்குழுக்கள் பல உள்ளன. அவை பாடலற்ற கருவியிசையை இயற்றும்பொழுது, கிதார் கலைஞரின் விரல் வேகத்தையே பெரிதாக எண்ணுகின்றன. இஃது ஏற்புடையதன்று என்பதே என் கருத்து.

"தலைமைக் கருவி விரைந்து முழங்குவதில் தவறென்ன?" எனச் சிலர் வினவலாம். வேகம் வியப்பைத் தரும். ஆனால், பாடலில் சொல் உணர்த்தும் பொருளைக் கருவியிசையில் இசையே உணர்த்த வேண்டும். அதற்குக் கருவிகள் ஒன்றோடொன்று உரையாட வேண்டும்.

'சக்தி' குழு இதற்குத் தக்க சான்று. 1970களில் ஆங்கிலேயக் கிதார் கலைஞர் ஜான் மெக்லாலின், வயலின் கலைஞர் எல். சங்கர், தபலாக் கலைஞர் சாகிர் உசேன், கடக் கலைஞர் விக்கு விநாயக்ராம் முதலியோருடன் இசைத்தார். கமகம் கிதாரில் எளிதில் வாராது. ஆகவே, மெட்டுகளுக்கு இடையே குழிவாகச் செதுக்கப்பட்ட கிதாரை அவர் கையாண்டார். தந்தியை ஆழ அழுத்தியும் இழுத்தும் சுரங்களை அசைத்தார். வயலின் முன்செல்லும்போது கிதார் துணைநின்றது. தாளக்கருவிகளுக்கும் தனியிடம் கிடைத்தது.

நம் நகருக்கும் இவ்வழி புதிதன்று. 1964இல் தோன்றிய கர்நாடகத் தாளவாத்தியக் கல்லூரி, அமெரிக்க சாக்சபோன் கலைஞர் சார்லி மரியானோவுடன் இணைந்து 1983இல் இசைத்தட்டு வெளியிட்டது.

எனவே, இயற்றுவோர் முதலில் மனத்தில் நிற்கும் சிறிய மெட்டொன்றை அமைத்துக்கொள்க. அதனை எக்கருவி தொடங்கும், எது விடையளிக்கும், எவ்விடத்தில் அனைத்தும் அமைதி காக்கும் என வரையறுத்துக்கொள்க. பிற கருவிகளைக் கேட்கத் தெரிந்த கிதாரே குழுவை நடத்தத் தகுதியுடையது.