மனனம் செய்தாற் போதுமா?

அரசாங்க உத்தியோகத்தை நாடிப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் நம் இளைஞரின் கைகளிலே இன்று தவழ்வன யாவை? வினாவும் விடையுமாகத் தொகுத்த சிறு நூல்களே. எந்நாட்டின் தலைநகர் எது, எவ்வுடன்படிக்கை எவ்வாண்டில் ஒப்பமிடப்பட்டது, எவர் எப்பரிசைப் பெற்றார் என்பவற்றை இரவு பகலாக ஒப்புவித்தலே நடப்பு விவகாரப் பயிற்சி என்னும் எண்ணம், மருதமுனை முதல் பொத்துவில் வரை வேரூன்றியிருக்கிறது. இவ்வெண்ணம் தவறானது, நம் மக்களுக்குக் கேடு பயப்பதுமாகும்.

ஆண்டும் பெயரும் வேண்டியவையே, மறுப்பாரில்லை. ஆயினும், இலங்கை நிருவாக சேவைப் பரீட்சை நாட்டின் சமூக, பொருளாதார, அரசியல் நிலையை ஆராயும் ஆற்றலையும் கேட்கிறது. ஆண்டை அறிந்தவன் காரணத்தையும் அறிந்தவனாவானோ?

ஒலுவில் துறைமுகத்தையே எடுத்துக்கொள்வோம். அது 2013இல் திறக்கப்பட்டது என்பது ஒருவரி விடை. ஆனால் நடந்தது என்ன? கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலை அலைதடுப்பு அணை மறித்தது. மறிபட்ட மணல் துறைமுக வாயிலை அடைத்தது. மணல் வரவு குன்றிய வடபுறக் கரையைக் கடல் அரித்தது. தென்னை நின்ற நிலமும் தோணி கரையேற்றும் இடமும் அழிந்தன. மீன்பிடி, சுற்றாடல், இழப்பீடு, பொதுப்பணம் ஆகிய நான்கு பாடங்களும் அக்கரையிலே கிடக்கின்றன.

இனி, கல்முனைக்கு வருவோம். கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தின் தரத்தை உயர்த்துமாறு தமிழ் மக்கள் எழுப்பிய கோரிக்கை, 2019இல் உண்ணாவிரதம் வரை சென்றது. எல்லை, நிலம், வணிகப் பகுதி ஆகியன குறித்து முஸ்லிம் மக்களுக்கும் ஐயங்கள் உள. தன் தரப்பை மட்டும் அறிந்தவன் மேடைக்கு உகந்தவனாகலாம். அதிகார ஆசனத்துக்கு உகந்தவனல்லன். மறுதரப்பார், 'ஆம், எங்கள் நியாயம் இதுவே' என்று ஒப்புமாறு அதனை எடுத்தெழுத வல்லவனே நிருவாகத்துக்குத் தகுதியுடையவன்.

இத்தகுதியை நாம் வற்புறுத்துவதற்குக் காரணமுண்டு. 1956ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டம், தமிழராயினும் முஸ்லிம்களாயினும், தமிழ் பேசும் மக்களை அரசாங்கக் காரியாலயங்களில் அந்நியராக்கியது. 1987இன் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆயின் ஏட்டிலுள்ள உரிமையை மேசைக்குக் கொண்டுவர வேண்டியவர் யார்? உத்தியோகத்தரன்றோ? விளங்காத மொழியில் வந்த கடிதத்தைக் கையிலேந்தி, அதை வாசித்துச் சொல்ல ஆள் தேடியலையும் விதவைத் தாய்க்கு, உலகத் தலைநகரங்களை ஒப்புவிக்கும் அதிகாரியால் யாது பயன்?

ஆதலின் இளைஞர்களே! செய்தியொன்றைப் படித்ததும் நான்கு வினாக்களை எழுப்புங்கள். இது எச்சட்டத்தின் கீழ் நடந்தது? முடிவு செய்யும் அதிகாரம் எவரிடமுள்ளது? பயனடைவோர் யார், நட்டமடைவோர் யார்? மறுதரப்பின் வாதம் என்ன? தமிழ்ப் பத்திரிகையுடன் சிங்களப் பத்திரிகை ஒன்றையும் வாசித்துப் பழகுங்கள்; வர்த்தமானியைப் புரட்டிப் பாருங்கள்.

பட்டதாரிகளுக்கும் சேவையிலுள்ள உத்தியோகத்தருக்கும் ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். ஊர் வாசிகசாலைகளிலே தமிழ், முஸ்லிம் மாணவரை ஒருங்கே அமர்த்தி, இவ்வினாக்களை விவாதிக்கச் செய்யுங்கள்.

பரீட்சை சில நாட்களில் முடிந்துவிடும். உத்தியோகமோ பல்லாண்டு நீளும். அவ்வாண்டுகளில் மக்கள் கொண்டுவரும் மனுக்களுக்கு, மனனம் செய்த விடை எதுவும் பொருந்தப்போவதில்லை.