வெள்ளைக்காரன் ஆகஸ்ட் 15லேயே போய்விட்டானா?

சுதந்திர தினத்தையொட்டி அவிநாசிப் பக்கம் பேச்சு எழுந்தால் இப்படித்தான் முடிகிறது: "வெள்ளைக்காரன் பிரிச்சு உட்டுட்டுப் போயிட்டானுங்க. அப்புறம் நாம அடிச்சுக்கிட்டதுக்கு அவனை என்னங்க குத்தம் சொல்றது?" மேடைகளிலும் இதே கதைதான். இங்கிலாந்து பிரித்தது, விலகியது, இருவருக்கும் பொதுவாக நின்றது, கணக்கையும் நேர்மையாகத் தீர்த்தது என்கிறார்கள். இந்த நான்கில் முதலாவது மட்டுமே உண்மை.

விலகியதா? 1948 ஜூன் வரை மவுண்ட்பேட்டனே டெல்லியில் கவர்னர் ஜெனரல். அமைச்சரவையின் பாதுகாப்புக் குழுவுக்கும் அவரே தலைவர். காஷ்மீரில் மோதிக்கொண்ட இரண்டு ராணுவங்களின் தலைமையிலும் பிரிட்டிஷ் தளபதிகள் இருந்தார்கள். 1947 அக்டோபரில் காஷ்மீருக்குள் படையை அனுப்பச் சொன்னார் ஜின்னா. பாகிஸ்தான் படைக்கு அப்போது பொறுப்பு வகித்த பிரிட்டிஷ் தளபதி கிரேசி மறுத்தார். இரு படைகளுக்கும் மேலே உச்சத் தளபதியாக இருந்த ஆக்கின்லெக் லாகூருக்குப் பறந்து, படை நுழைந்தால் பிரிட்டிஷ் அதிகாரிகள் அனைவரையும் திரும்பப் பெறுவோம் என்று எச்சரித்தார். அதனால் பெரும்போர் தவிர்ந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இரண்டு நாடுகள் போருக்குப் போகலாமா கூடாதா என்று தீர்மானிக்கும் இடத்தில் இருந்தவனை 'போய்விட்டவன்' என்று எப்படிச் சொல்வது? காரியப்பா நம் படைத் தலைமையை ஏற்றது 1949 ஜனவரி 15இல். பாகிஸ்தானில் அயூப் கானுக்கு அந்தப் பொறுப்பு வர 1951 ஆனது.

பொதுவாக நின்றதா? 1948 ஜனவரியில் இந்தியா ஐ.நா. பாதுகாப்பு சபைக்குப் போனது. நம் தரப்புக்குத் தலைமை தாங்கியவர் தஞ்சை மாவட்டத்துக்காரரான என். கோபாலசுவாமி ஐயங்கார். பாகிஸ்தான் வழியாக வரும் ஊடுருவல்காரர்களைத் தடுத்து நிறுத்துங்கள் என்பதே முறையீடு. பிரிட்டிஷ் அமைச்சர் நோயல் பேக்கர் அதை ஒதுக்கிவிட்டு, வாக்கெடுப்பையும் காஷ்மீரின் ஆட்சி யார் கையில் என்பதையும் முன்னே தள்ளினார். அமெரிக்கர்களையும் அந்தப் பக்கம் இழுத்தார். அதே மாதம் சபையின் பட்டியலில் 'ஜம்மு காஷ்மீர் பிரச்சினை' என்றிருந்தது 'இந்தியா–பாகிஸ்தான் பிரச்சினை' என்று மாறியது. புகார் கொடுத்தவனையும் எதிரியோடு கூண்டில் ஏற்றிய கதை இது. அவர் எல்லை மீறிவிட்டார் என்று பிரதமர் அட்லியே கடிந்துகொண்டார் என்பதால், இதைத் தனிமனிதச் சாய்வு என்பார்கள். அப்படியல்ல. பாலஸ்தீனத்தைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்த லண்டனுக்கு, முஸ்லிம் நாடுகளின் கோபத்தை மேலும் சம்பாதிக்க மனமில்லை. இன்னொரு சான்று: கில்கிட்டில் காஷ்மீர் மகாராஜாவின் பணியில் இருந்துகொண்டே பாகிஸ்தான் கொடி ஏற வழிசெய்த பிரிட்டிஷ் அதிகாரி மேஜர் பிரவுனுக்கு 1948இல் அரச விருது கிடைத்தது.

கணக்குக்கு வருவோம். இது கோயம்புத்தூர்க்காரர் ஒருவரின் தலையில் விழுந்த வேலை என்பதால் நாம் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இங்கே பொருளும் உழைப்பும் எடுத்துக்கொண்டு, லண்டனில் கடன் எழுதி வைத்தார்கள். இங்கே ரூபாய் நோட்டு அச்சாகி விலைவாசி ஏறியது. 1947 ஆகஸ்டில் நமக்கு வரவேண்டியது சுமார் 116 கோடி பவுண்ட். ஆனால் அதில் பெரும்பகுதி எடுக்க முடியாத 'இரண்டாம் எண் கணக்கில்' பூட்டப்பட்டது. 1948 கோடையில் அந்தக் கோயம்புத்தூர்க்காரரான நிதியமைச்சர் ஆர். கே. சண்முகம் செட்டியார் லண்டனில் பேசி முடித்த ஒப்பந்தத்தில், இங்கே விட்டுச்சென்ற ராணுவத் தளவாடங்களுக்கு 10 கோடி பவுண்டும், பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கான ஸ்டெர்லிங் ஓய்வூதியங்களுக்கு 16.8 கோடி பவுண்டும் நம் இருப்பிலிருந்தே கழிந்தன. ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு! சர்ச்சில் விரும்பியபடி எதிர்க்கணக்குக் காட்டிக் கடனைக் கரைக்கவில்லை, அதுவரை சரி. ஆனால் 1949 செப்டம்பரில் பவுண்டின் மதிப்பு 4.03 டாலரிலிருந்து 2.80 டாலராக வெட்டப்பட்டபோது, அங்கே முடங்கிக் கிடந்த நம் பணமும் டாலர் கணக்கில் சுருங்கியது. புது எந்திரங்களுக்குக் காத்திருந்த ஒரு நாட்டுக்கு அது சின்ன அடியா?

இரு நாடுகளும் தாமாகச் செய்த பிழைகள் இதனால் கழுவப்பட்டுவிடாது. ஆனாலும் நம் பள்ளிகளில் வரலாற்றுப் பாடம் பெரும்பாலும் ஆகஸ்ட் 15 கொடியேற்றத்தோடு நின்றுவிடுகிறது. கொங்குநாட்டு ஆசிரியர்கள் அடுத்த இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.