தாயார் பெயருக்கு இடமில்லை!

இங்கிலாந்து ராஜாக்களின் வம்சாவளியைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட ஒப்பித்துவிடுவார்கள். அரண்மனையில் தட்டுக் கழுவிய வேலைக்காரியின் வம்சாவளியை யாராவது தேடியது உண்டா?

இப்போது தேடுகிறார்கள். அந்த நாட்டில் பலருக்கு இது பெரிய பொழுதுபோக்கு. வசதியும் இருக்கிறது. எட்டாம் ஹென்றியின் மந்திரி தாமஸ் கிராம்வெல், ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் ஊர்தோறும் பாதிரியார்கள் எழுதி வைக்க வேண்டும் என்று 1538-ல் உத்தரவு போட்டார். 1837-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி முதல் சர்க்காரே பதிவு செய்கிறது. பத்து ஆண்டுக்கு ஒரு ஜனத்தொகைக் கணக்கு வேறு. அதை நூறு ஆண்டு பூட்டி வைத்துப் பிறகு திறந்துவிடுகிறார்கள். 1921-ம் ஆண்டுக் கணக்கு 2022-ல் வெளிவந்தது.

இத்தனை இருந்தும், ஒரு சாதாரணப் பெண்ணைத் தேடிப் போனால் வழி பாதியில் நின்றுவிடுகிறது. கல்யாணமானதும் கணவனின் குடும்பப் பெயர் வந்து ஒட்டிக்கொள்கிறது. பிறந்த வீட்டுப் பெயர் போய்விடுகிறது. பழைய ஞானஸ்நானப் புத்தகத்தைப் புரட்டினால், தகப்பனார் பெயர் முழுதாக இருக்கும். தாயார்? "மேரி" என்று எழுதிவிட்டுப் பாதிரியார் பேனாவைக் கீழே வைத்திருப்பார். எந்த மேரி? ஊரில் அரை டஜன் மேரி இருந்திருப்பார்களே!

"கல்யாணப் பதிவைப் பார்த்தால் தெரியாதா?" என்பீர்கள். 1754 முதல் மணமக்கள் பதிவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது சட்டம். எழுதத் தெரியாதவர்கள் ஒரு பெருக்கல் குறி போட்டார்கள். எத்தனையோ ஏழைப் பெண்கள் தங்கள் கையால் எழுதி வைத்துவிட்டுப் போனது அந்தக் குறி ஒன்றுதான்.

ஆனால் 1837-ல் வந்த அச்சுப் பாரத்தைப் பாருங்கள். மணமகனின் தகப்பனார் பெயர், தொழில். மணமகளின் தகப்பனார் பெயர், தொழில். தாயாருக்குக் கட்டமே கிடையாது! இத்தனைக்கும், விக்டோரியா என்ற பெண் சிம்மாசனம் ஏறிப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது.

சர்க்காருக்குத் தெரியாமல் நடந்த பிழை என்று இதைச் சொல்ல முடியாது. பிறப்புப் பதிவில் தாயாரின் பிறந்த வீட்டுப் பெயரை 1837 முதலே கேட்டு எழுதினார்கள். பிள்ளை பிறந்தால் தாய் வேண்டும். அந்தப் பிள்ளைக்கே கல்யாணம் என்றால் தாய் வேண்டாமா?

தாட்சர் பிரதமரானார். தெரசா மே பிரதமரானார். கட்டம் மட்டும் வரவில்லை. கடைசியில் 2021-ம் ஆண்டு மே 4-ந் தேதிதான் தாயார் பெயர் கல்யாணப் பதிவில் ஏறியது. ஏறக்குறைய 184 ஆண்டு!

அதற்கு முன் மணந்தவர்களின் பேத்திகள் என்ன செய்வது? பாட்டியின் தாயார் பெயரை அறியப் பிறப்புச் சான்றிதழைத் தனியே பணம் கட்டித்தான் வாங்குகிறார்கள். விட்ட தவறு சர்க்காருடையது. அந்தக் கட்டணத்தையாவது தள்ளுபடி செய்யக்கூடாதா?