வவுச்சர் எங்கே தம்பி?

பெண் கொடுக்கிற வீட்டார்கூட மாப்பிள்ளையைப் பற்றிப் பக்கத்து வீட்டில் ஒருவரைக் கேட்டுவிட்டு விட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவில் எம்.எஸ். சேர வேண்டுமா? 'பையன் சொக்கத் தங்கம்' என்று பெரும்பாலும் 3 பேர் எழுதித் தரவேண்டும்.

அது மட்டுமா? டிரான்ஸ்கிரிப்ட், ரெஸ்யூமே, எஸ்.ஓ.பி. என்கிற சுயபுராணம், பல இடங்களில் ஜி.ஆர்.ஈ. மார்க். (2023 செப்டம்பரிலிருந்து அந்தப் பரீட்சையை 2 மணி நேரத்துக்குள் சுருக்கிவிட்டார்கள். புண்ணியவான்கள்!) ஜி.ஆர்.ஈ. மார்க் 5 வருஷம் செல்லும். டோஃபல் மார்க் 2 வருஷம்தான். இங்கிலீஷ் சீக்கிரம் ஊசிப்போகிற பண்டம் போலிருக்கிறது.

நிற்க. எதிர் ஃபிளாட் பையன், பி.இ. மெக்கானிக்கல், 8 யுனிவர்சிட்டிக்கு அப்ளிகேஷன் போடுகிறான். ஒவ்வொன்றுக்கும் தனி ஃபீஸ். சீட் கிடைக்காவிட்டாலும் திரும்பாது. கட்டுகிறவர் அப்பா. பி.எஃப். பணம். முதல் கெடு டிசம்பர் 15. தம்பி நவம்பரில் வந்து நின்றான்.

"அண்ணா, நீங்கதான் பத்திரிகையில எழுதறீங்களே... ஒரு எஸ்.ஓ.பி., மூணு லெட்டர். ஸ்டைல் மட்டும் மாத்தி மாத்திப் போட்டுக் குடுங்க."

"லெட்டர் வாத்தியார்தானேடா எழுதணும்?"

"எச்.ஓ.டி. 'நீயே எழுதிட்டு வா, ஏத்தி விடறேன்'னுட்டார்ணா. எல்லாருக்கும் அப்படித்தான்."

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்காவில் 1974-ல் வந்த ஒரு சட்டப்படி, சேர்ந்தபின் மாணவன் தன் சிபாரிசுக் கடிதத்தைப் பார்க்க உரிமை உண்டு. 'அந்த உரிமையை விட்டுக் கொடுக்கிறாயா?' என்று அப்ளிகேஷனிலேயே ஒரு கட்டம் இருக்கும். ரகசியக் கடிதத்துக்குத்தான் மதிப்பு என்று பெரும்பாலோர் 'சரி' என்று டிக் அடிக்கிறார்கள். அதாவது, ராத்திரி கண் விழித்துத் தானே எழுதிய கடிதத்தைத் தான் பார்க்கவே மாட்டேன் என்று சத்தியம்!

நான் பி.காம். எங்கள் ஊர்ப் பாஷையில் இதற்குப் பெயர், கம்பெனி முதலாளியே ஆடிட்டர் கையெழுத்தும் போடுவது.

எஸ்.ஓ.பி.யை வாங்கிப் பார்த்தேன். 'சிறு வயது முதலே எனக்கு இயந்திரங்கள் என்றால் உயிர்' என்று ஆரம்பித்திருந்தான்.

"வவுச்சர் எங்கே தம்பி?"

"என்னண்ணா?"

"இந்த வரிக்கு என்ன ஆதாரம்? இதே வரியை ஆயிரம் பேர் எழுதுவான். நீ நிஜமா என்ன செஞ்சே?"

தலையைச் சொறிந்தான். அப்புறம் மெதுவாகச் சொன்னான். கடைசி வருஷம் தேங்காய் உரிக்கும் மெஷின் செய்தார்களாம். 40 காயில் 11 உடைந்துவிட்டது. உடைந்ததெல்லாம் சின்னக் காய். ரோலர் இடைவெளியை மாற்றி மாற்றி ஒவ்வொரு தடவையும் நோட்டில் குறித்திருக்கிறான். நோட்டு பரணில் பத்திரமாக இருக்கிறது.

"இதை ஏன்டா எழுதலை?"

"தேங்காய்தானேண்ணா..."

தேங்காய்தான்! ஆனால் 40-ம் 11-ம் வவுச்சர். 'உயிர்' வெறும் எழுத்து.

"அப்போ கூட இருந்தது யாரு?"

"லேப் மேடம். ஜூனியர் லெக்சரர். சாயங்காலம் வரைக்கும் எங்களோட உட்கார்ந்திருப்பாங்க. ஆனா எச்.ஓ.டி. பதவி பெரிசாச்சே?"

பதவி பெரிசுதான். அவருக்கு இவன் பெயர் தெரியாது, அதுதான் சிக்கல். படிக்கிற கமிட்டி கேட்பது இவன் என்ன செய்தான் என்று. அதைச் சொல்லக் கண்ணால் பார்த்தவர் வேண்டாமா?

ஒரே பக்கத்தில் புராஜெக்ட் விவரம், அவர் எடுத்த பாடத்தில் இவன் மார்க், எட்டு இடத்தின் கெடு தேதி எல்லாம் எழுதிக்கொண்டு மேடத்தைப் பார்க்கப் போனான். அவரே எழுத ஒப்புக்கொண்டார். என்ன எழுதினார் என்று இவனுக்குத் தெரியாது. அந்த டிக் இப்போது பொய்யில்லை.

"சீட் கிடைக்குமா சார்?" என்று அப்பா மாடிப்படியில் மடக்கிக் கேட்கிறார். எனக்கென்ன தெரியும்? பி.எஃப். பணம் போனது அவர் பிள்ளையின் கணக்கில்தான், எவனோ ஒரு 'சொக்கத் தங்கம்' கணக்கில் இல்லை. அதுவரைக்கும் டேலி ஆகிறது, சார்.